சூடு ஆகாது

பால் பாக்கெட்டை வெட்டியதும் முகர்ந்து பார்க்காமல் நான் அடுப்பில் வைத்ததில்லை. தினமும் ஒரே கடை, ஒரே பால். இருந்தாலும் முகர்வேன். என் மாமியார் இருந்தவரை இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. “இன்னாடி, கடக்காரன் ஒனக்குன்னு தனியா வெஷம் வெச்சா குடுத்திருக்கான்?” என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. சந்தேகம் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள், ஐயா.

ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் போகிற வழியில் ஒரு பழைய நெல் அரவை மில் இருக்கிறது. அதைத்தான் ஆய்வுக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். வெளியே நெல் காயவைத்த களம் அப்படியே கிடக்கிறது. உள்ளே போனால் எல்லாம் கண்ணாடியும் ஏசியும். பதினோரு வருடமாக அங்கே திசு வளர்ப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பு. உயிருள்ள செல்களைக் கிண்ணத்தில் வளர்ப்போம். ஒரு கிருமி உள்ளே போனால் மூன்று மாத உழைப்பு போய்விடும். அதனால் மூடியைச் சந்தேகப்பட வேண்டும், கையுறையைச் சந்தேகப்பட வேண்டும், பக்கத்தில் நிற்பவர் விடும் மூச்சையும் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகவே வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் நாகராஜன் எதை மறைத்தார் என்று சொல்லத்தான் வந்தேன். இருசப்பன் செத்ததில் என் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சின்னப் பங்கு. இரண்டே சொல்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

எங்கள் பிரிண்டரும் ஜெராக்ஸ் கடையில் இருப்பதைப் போலத்தான். மைக்குப் பதில் கூழ், கூழுக்குள் உயிருள்ள செல்கள். ஊசிமுனை இங்கும் அங்கும் ஓடி இரண்டு அடுக்காகத் தடவும். வெளியே வருவது வெற்றிலை அளவுக்கு ஒரு தட்டையான தாள். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் நீர் குடிப்பதில் சமமில்லை. அதனால் வெதுவெதுப்பான திரவத்தில் போட்டதும் மெல்ல வளையத் தொடங்கும், வெயிலில் கிடக்கிற வாழைச் சருகு தன்னால் சுருளுகிற மாதிரி. ஒன்பதாம் நாள் முழுக் குழாயாகியிருக்கும். யாரும் தொட வேண்டியதில்லை. முதல் தடவை அது வளைவதைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

மூச்சுக்குழாய் கெட்டுப்போனவர்களுக்கு இதை வைப்பது டாக்டர் நாகராஜனின் திட்டம். தட்டையாக வைத்துத் தைத்துவிட்டால் போதும். அதுவே வளைந்து, இருக்கிற குழாயோடு ஒட்டிப் பிடித்து, அந்த அளவில் நின்றுவிடும்.

நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நிற்காது என்று கண்டுபிடித்தவள் நான்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் எண் இன்குபேட்டர் பழுதானது. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி மாதிரிதான் அதுவும். முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டியது நாற்பத்து மூன்றுக்கு ஏறியிருந்தது. உள்ளே எட்டுக் குழாய்கள். வளைந்து முடிந்து, ஒரே அளவில் நின்று இரண்டு மாதம் ஆனவை. அவை மறுபடி சுருள ஆரம்பித்திருந்தன. கட்டைவிரல் நுழைகிற குழாய், ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவுக்கு வந்திருந்தது.

வேறு யாராவது என்றால் மெஷின் பழுது என்று குப்பையில் கொட்டியிருப்பார்கள். நான் திரும்பச் செய்து பார்த்தேன். தொடர்ந்து சூடு வேண்டியதில்லை என்று தெரிந்தது. வேளைக்குக் கால் மணி நேரம், நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். முதல் நாளோடு நிறுத்திவிட்டால் குழாய் பழைய அளவுக்கே திரும்பிவிடும். மூன்றாம் நாளைத் தாண்டினால் திரும்பாது. ஆறு தடவை செய்தேன். ஆறு தடவையும் அதே.

டாக்டர் நாகராஜனிடம் கிண்ணத்தோடு போனேன். அவர் பாகூர்ப் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பம். வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். மீட்டிங்கில் இங்கிலீஷ்தான் பேசுவார், எங்களிடம் நம்மூர்ப் பேச்சுதான்.

“நாப்பத்திமூணு டிகிரி தொண்டைக்குள்ள எப்படிமா வரும்? காய்ச்சல்கூட அவ்ளோ போவாது.”

“வேது புடிச்சா வரும் சார்.”

அவர் சிரித்தார். “இன்னா செல்வி, இன்னும் எவன் வூட்ல வேது புடிக்கிறான்?”

“எங்க வூட்ல சார். போன வாரம். கொதிக்கிற தண்ணில நொச்சியும் மஞ்சளும் போட்டு, போர்வைய மூடிக்கினு ஆவி புடிச்சோம்.”

சிரிப்பு நின்றது. கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “சரி, எல்லாத்தையும் எழுதிக் குடு. ஆபரேஷன் பண்ணி வூட்டுக்கு அனுப்பும்போது ஒரு தமிழ்ப் பேப்பர் குடுக்கணும்ல, அதையும் நீயே எழுதிடு” என்றார்.

அவ்வளவுதான். என்னுடைய பெரிய விஷயத்தைச் சின்ன வேலையாக்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

ஆகஸ்டில் அது உறுதியானது. மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கை அவர் மேஜைமேல் கிடந்தது. அவர் டீ குடிக்கப் போன நேரம் புரட்டினேன். நாற்பத்திரண்டு பக்கம். என் எட்டுக் குழாய்கள் எதிலும் இல்லை. என் பெயர் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், நன்றி சொல்கிற பட்டியலில், டிரைவர் பெயருக்கு அடுத்து இருந்தது.

அப்போதே நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் சேர்த்துவிடுவார். சேர்த்துவிட்டு, முதலிலிருந்தே இருந்தது என்று சொல்லுவார். மறைக்கிறவர் கையில் திருத்திக்கொள்ள நேரம் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. குழுவுக்கு நான் தனியாக எழுதியிருந்தாலும், பெயர் கிடைக்காத லேப் பொம்பளை பொறாமையில் எழுதினாள் என்று மூடியிருப்பார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் முடிவுக்கு வந்தேன். தாளில் எழுதியதை எடுத்துவிடலாம். ஓர் உடம்பில் நடந்ததை யாராலும் எடுக்க முடியாது.

அடுத்து முப்பது பேர் அந்தச் சிகிச்சைக்குக் காத்திருந்தார்கள். ஒருவருக்கு நடந்தால் முப்பது பேருக்கு நிற்கும். கணக்கு அவ்வளவு எளிதானது.

அனுமதி வந்தது. முதல் இரண்டு பேர் இருசப்பனும் கலியம்மாளும்.

இருசப்பனை உங்களுக்கு முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். ஆட்டோவில் மைக் கட்டி வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க அறிவிப்புச் செய்தவர். தண்ணீர் வரி, தடுப்பூசி முகாம், கோயில் தேர், மாதா கோயில் கொடியேற்றம், யார் வீட்டுச் சாவு என்றாலும் அவர்தான். போன வருடம் பைக்கில் விழுந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வாய் வழியாகக் குழாய் போட்டு மூச்சுக் கொடுத்ததில் அவருடைய சொந்த மூச்சுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் கழுத்தில் துளை, துளையில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. சிலேட்டில் எழுதிக் காட்டுவார். என்னிடம் முதலில் எழுதிக் காட்டியது, ‘வைகாசித் தேருக்கு நான் பேசணும் மேடம்.’

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன். நான் அச்சிட்ட தாள் ஒன்பதாம் நாள் சொன்னபடி வளைந்து நின்றது. டிசம்பர் மூன்றாம் தேதி கழுத்துத் துளையை மூடினார்கள். வாய் வழியாக ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். பிறகு கரகரவென்று, “அலோ… அலோ… மைக் டெஸ்டிங்… ஒண்ணு ரெண்டு மூணு” என்றார். நர்ஸுகள் சிரித்தார்கள். அவர் மனைவி விஜயராணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பொய் எதுவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாள் தமிழ்த் தாளைக் கொடுத்தேன். முன்பு நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததில் நான்கு வரி இருந்தது. ஆவி பிடிக்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்க எதையும் குடிக்கக் கூடாது. கழுத்தில் ஒத்தடம் கூடாது. மூச்சில் சத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இந்த நான்கு வரிக்கும் பதிலாக நான் இரண்டு சொல் எழுதினேன்.

சூடு ஆகாது.

நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர்தானே. ஒருவரிடம் சூடு ஆகாது என்றால் அவர் அடுப்பையா பார்ப்பார்? கோழிக்கறியைத்தான் பார்ப்பார். கத்தரிக்காய் சூடு, கருவாடு சூடு, பப்பாளி சூடு. மோர் குளிர்ச்சி, பூசணி குளிர்ச்சி. கொதிக்கிற சுரைக்காய்க் கூட்டும் குளிர்ச்சிதான், ஐஸ் பெட்டியில் வைத்த கோழியும் சூடுதான். அபிஷேகப்பாக்கத்தில் பிறந்தவள் நான், எனக்கு இது தெரியாதா? எழுதியதில் பிழை இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் படித்தாலும் சரியான எச்சரிக்கைதான்.

திங்களும் வியாழனும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது என் வேலை. ஒதியம்பட்டில் சின்ன வீடு, வாசலில் அவருடைய ஆட்டோ, அதன் தலையில் இரண்டு புனல் ஸ்பீக்கர். இருசப்பனின் அக்கா சின்னப்பிள்ளை, தம்பியைக் கவனிக்க வந்து தங்கியிருந்தார். நான் எழுதிய தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

“மேடம், ஒரு கோழி அடிச்சி ரசம் வெச்சுக் குடுக்கலாமா? ஆளு தேறவே மாட்டறாரு” என்றார் விஜயராணி.

நான் வாய் திறப்பதற்குள் சின்னப்பிள்ளை முந்திக்கொண்டார். “ஏண்டி, பேப்பர்ல இன்னா போட்டுருக்கு? சூடு ஆவாதுன்னு கொட்ட எழுத்துல போட்டுருக்கு. கோழி இன்னா ஐஸா?”

“அப்ப முட்டயாவது அண்ணி…”

“அதும் கோழிகிட்டருந்துதான வருது.”

இருசப்பன் கட்டிலில் இருந்தபடி, “ரெண்டு பேருமா சேந்து மோரு ஊத்தி ஊத்தி என்ன ஏரியாக்கிடுவாங்க போல மேடம். மதகு ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். முட்டையும் சூடுதான் என்று நானும் சொன்னேன்.

மார்கழி பிறந்தது. காலையில் பனி, மதியம் இளநீர், ராத்திரி மோர்ச்சோறு. உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். சூட்டைத் தணிக்க ஒரு குடும்பம் என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும் செய்தார்கள். இவ்வளவு ஒழுங்காக ஒரு மருத்துவத் தாளைப் பின்பற்றியவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இருசப்பனுக்குச் சளி பிடித்தது.

டிசம்பர் இருபத்தொன்பது, திங்கட்கிழமை, காலை பத்து மணி. விஜயராணி டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வீட்டில் நான் டீ குடிப்பேன். எங்கள் தெருவில் பலர் அந்தத் தெருவுக்குள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நான் அப்படியெல்லாம் பார்க்கிறவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருசப்பன் இருமிக்கொண்டிருந்தார். சின்னப்பிள்ளையின் கையில் ஒரு கொத்து நொச்சி இருந்தது.

“மேடம், வேது புடிச்சுடலாமா? நெஞ்சு சளி கொழகொழன்னு கேக்குது” என்றார் விஜயராணி. “வேது வெளிச் சூடுதான? ஒடம்புச் சூடு இல்லியே?”

“அத போயி மேடத்துகிட்ட கேக்கணுமா? வேது புடிச்சி எவன்டி செத்தான்?” என்றார் சின்னப்பிள்ளை.

நான் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

ஜனவரி ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை. அன்று ஆட்டோவில் ஏறி ஊருக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப்போவதாக இருசப்பன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நல்ல சட்டை போட்டு வண்டியில் உட்கார்ந்தவருக்கு மூச்சு உள்ளே போகவில்லை. காலை பத்தரை. அதே ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பீக்கரை அவிழ்க்க நேரமில்லை. ஆரியப்பாளையம் பாலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். கடைசியில் அவர் தன் கழுத்தைத் தடவித் தடவிப் பழைய துளையைத் தேடினாராம். அதை நாங்கள் நன்றாக மூடியிருந்தோம்.

பிரேதப் பரிசோதனையில் குழாயின் அகலம் மூன்று மில்லிமீட்டர் என்று வந்தது. என் ஆறு கிண்ணங்களின் சராசரி மூன்று புள்ளி ஒன்று. பல மாதங்களுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன்.

சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். முப்பது பேருக்கும் நின்றது. நான் நினைத்தபடிதான் நடந்தது. ஒன்றுதான் இடித்தது. தெருவில், “புருஷன வேது புடிச்சே கொன்னுட்டா பாவி” என்று விஜயராணியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. டாக்டர் நாகராஜனோ, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார், கண்கூடக் கலங்கினார். எனக்கு அந்தக் கண்ணீரில் நம்பிக்கை வரவில்லை. என்ன மறைத்தார் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. அதனால்தான் நான் இங்கே வந்தேன். விஜயராணி மேல் விழுந்த பழி உரியவர் மேல் போக வேண்டும்.

என் வாக்குமூலம் இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் இன்னும் சில தாள்களை எடுத்து வைக்கிறீர்கள். சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இது கலியம்மாளுக்கு நான் எழுதிய தாள். அவருக்கும் அதே வாரம்தான் ஆபரேஷன். ஆமாம், இதில் நான்கு வரியும் இருக்கிறது. ‘வேது பிடிக்கவே கூடாது’ என்று அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான். கலியம்மாள் எனக்குப் பெரியம்மா முறை, எங்கள் தெரு. ஆனால் அதற்காக இல்லை. ஒன்றுக்கு இரண்டு நடந்தால் திசுத் தாள் தயாரிப்பில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றில் நடந்து ஒன்றில் நடக்காமல் இருந்தால்தான் காரணம் சூடு என்று நிரூபணம் ஆகும். ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதை நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதாகவே இருக்கவில்லை.

இது விஜயராணி சொன்னது. படித்தேன். நான் முதலில் சொன்னதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அன்று நான் பதில் சொல்லாமல் இருந்தது உண்மைதான், டீ குடித்து முடிக்கும் வரை. டம்ளரைக் கீழே வைத்த பிறகு சொன்னேன். “புடிக்கிறதா இருந்தா மூணு நாளைக்கு விடாம புடிங்க. காலைல, மதியம், சாயங்காலம். ஒரு நாளோட விட்டா சளி உள்ளயே கட்டிக்கும்.” விஜயராணி கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வேளையும் தவறக் கூடாது என்று செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார்.

இது போன் கம்பெனிப் பட்டியல். முப்பதாம் தேதி மாலை நான்கு மணி, விஜயராணி நம்பரிலிருந்து, நாற்பது விநாடி. அதையும் சொல்லிவிடுகிறேன். “மூச்சு உடறப்ப விசிலு மாதிரி சத்தம் வருது மேடம், நிறுத்திடட்டுமா?” என்று கேட்டார். அது இரண்டாம் நாள். அப்போது நிறுத்தியிருந்தால் குழாய் ஓரளவு திரும்பியிருக்கும். “சளி எளகுது, அதான். நாளைக்கும் புடிங்க” என்றேன். பின்னால் இருசப்பன், “மேடத்துக்கு ஹேப்பி நியூ இயர் சொல்லு” என்று சொல்வது கேட்டது. குரல் மெலிந்திருந்தது. நேரத்தைக் குறித்து வைத்தேன்.

ஆகவே என் பங்கு இரண்டு சொல் என்று ஆரம்பத்தில் சொன்னது சரியில்லை. இருசப்பனை நான்தான் கொன்றேன். தெரிந்து, அளந்து, நாள் கணக்கு வைத்துக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதைச் செய்ய வைத்தவர் யார் என்ற இடத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். என் பக்கத்தை அவர் எடுக்காமல் இருந்திருந்தால் இதில் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கடைசியாக இது. நெறிமுறைக் குழு அலுவலகத்திலிருந்து நீங்கள் வாங்கி வந்த அறிக்கை. நாற்பத்திரண்டாம் பக்கம் வரை எனக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பின்னால் ஏழு பக்கம் இணைப்பு இருக்கிறது. அவர் மேஜையில் நான் பார்த்த நகலில் இது இல்லை. தலைப்பே, ‘சூட்டில் மீண்டும் சுருங்குதல். கண்டறிந்தவர்: க. செல்வகுமாரி.’ என் எட்டுக் குழாய்களின் படம். என் ஆறு சோதனைகள், என் எண்கள், ஒரு புள்ளி மாறாமல். கடைசிப் பத்தியில் டாக்டர் நாகராஜன் எழுதியிருக்கிறார்: ‘இந்த வட்டாரத்தில் வேது பிடிக்கும் வழக்கம் உண்டு. இது எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியது. ஆகவே நோயாளிகளுக்கான எச்சரிக்கையை அவரே எழுத வேண்டும். வேறு யார் எழுதினாலும் ஏதாவது விட்டுப்போகும்.’

குழுவின் முத்திரை செப்டம்பர் பன்னிரண்டு. இருசப்பனுக்கு ஆபரேஷன் நவம்பர் இருபத்தொன்று.

நீங்கள் என் முகத்தையே பார்க்கிறீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள் போல.

இதை அவர் பின்னால் சேர்த்திருக்கிறார், ஐயா. இருசப்பன் செத்த பிறகு, தப்பித்துக்கொள்ள. ஒரு முத்திரை குத்தி வாங்குவது அவருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் ஏழு பக்கத்தைப் பிறகு கொண்டுவந்து சேர்க்க வேண்டுமானால் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, மறுபடி அடித்தாக வேண்டும். அப்படி அடித்திருந்தால் மூலையில் நான்கு துளை இருக்கும். அதனால்தான் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன்.

இரண்டு துளைதான் இருக்கிறது. எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார், பாருங்கள்.